என் முகத்துக்கு என் குரல்

ஓசூரில் ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் பதினெட்டு வருடம் இருந்தேன். தகட்டை அழுத்தி வண்டிக்குப் பாகம் எடுக்கிற இடம். பிரஸ் இறங்கினால் நெஞ்சுக்குள் இடிக்கும். காதில் அடைப்பான் இருக்கும். அதனால் அங்கே யாரும் குரல் எடுத்துப் பேசமாட்டோம். வாயை மட்டும் அசைப்போம். எதிரில் நிற்பவன் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வான். மூன்று மெஷின் தள்ளி நிற்பவனிடம் வீட்டுச் சண்டையை முழுதாகச் சொல்லி முடிக்கலாம். தொண்டைக்கு வேலையே இல்லை.

நான் சினிமாவுக்கு வந்தது இந்தப் பழக்கத்தால்தான்.

எட்டாவதோடு படிப்பு நின்றது. வீட்டில் தெலுங்கு. தெருவில் கன்னடம். பள்ளிக்கூடத்தில் தமிழ். ஒரு ஆயுத பூஜைக்கு ஷாப்பில் டிவி வைத்தார்கள். கன்னடப் படம் ஓடியது, சத்தம் வரவில்லை. நான் உதட்டைப் பார்த்துத் தமிழில் பேசிக்கொண்டே போனேன். வில்லனுக்கு ஒரு குரல், அவன் அம்மாவுக்கு ஒரு குரல். பொரி தின்றவர்களுக்குப் புரையேறியது. கேன்டீனுக்குக் காய்கறி ஏற்றி வரும் டிரைவர் அதைப் பார்த்தார். பெங்களூரில் ஒரு டப்பிங் ஸ்டூடியோவில் அவருக்கு ஆள் தெரியும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிப்போனார்.

முதல் நாள் மைக் முன்னால் வாயைப் பெரிதாக அசைத்தேன். குரல் வரவில்லை. "தொண்டையத் தொறங்க சார்" என்றார்கள். அது பழக ஒரு மாதம் ஆனது. அதற்குப் பிறகு கஷ்டமில்லை. மற்றவர்கள் ஒரு வரியை ஆறு தடவை பேசுவார்கள். எனக்கு இரண்டு போதும். எதிரில் உள்ள உதடு எப்போது மூடும் என்று எனக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். எப்படித் தெரிகிறது? எனக்கே தெரியாது.

போலீஸ்காரன், சாமியார், குடிகாரன், பொம்மைப் படத்தில் கரடி என்று நிறையப் பேசிவிட்டேன். சானமாவு காட்டுப் பக்கம் யானை வந்தால் "வெளியே வராதீர்கள்" என்று மூன்று மொழியில் ஒரு வண்டி சொல்லிப்போகும். அதுவும் நான்தான். திரையிலும் முகம் வந்தது. வாட்ச்மேன், டீக்கடைக்காரன், இரண்டு படத்தில் பிணம். ஆனால் முகம் வந்த படங்களில் என் குரல் வராது. "உங்க தமிழ் கலப்படமா இருக்கு" என்று சென்னைக்காரர் யாரையாவது பேச வைத்துவிடுவார்கள்.

என் மனைவி அதே கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தவள். எங்கள் ஷாப்பை ஒட்டின கூரை, அங்கேயும் உதட்டுப் பேச்சுதான். அவள் ஒருநாள் கேட்டாள்.

"கண்டவன் வாய்க்கெல்லாம் கொரல் குடுக்கறீங்க. உங்க வாய்க்கு எவனோ குடுக்கறான். இது இன்னா பொழப்புங்க?"

அன்றிலிருந்து அது ஒன்றுதான் ஆசை. என் முகத்துக்கு என் குரல். ஒரே ஒரு தடவை.

போன வருடம் அது வந்தது. ஓசூரிலேயே எடுக்கிற படம். ஒரு பிரஸ் ஆபரேட்டருக்கு வேலையில் கடைசி நாள். அந்த வேடம் எனக்கு. டைரக்டர் சின்ன வயசுக்காரர். "டப்பிங்கே கெடையாதுண்ணா. எடுக்கும்போது நீங்க பேசறதுதான் படத்துல வரும்" என்றார். மனைவியிடம் சொன்னேன். "பாக்கலாம்" என்றாள். அன்றைக்குக் குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது.

கம்பெனியில் ஒரு மணி நேரம் அனுமதி கொடுத்தார்கள். எதிரில் நிற்க நிஜ ஆபரேட்டர் வேண்டும் என்றார் டைரக்டர். என் பழைய ஷிப்ட் கூட்டாளியை வரச் சொன்னேன். வசனம் ஒரே வரி. "நாளைலேருந்து இந்தச் சத்தம் இல்லாம எப்படித் தூங்குவேன்?" பஸ்ஸில் நூறு தடவை சொல்லிப் பார்த்திருந்தேன்.

என் சட்டைக்குள் மைக் வைத்துப் பிரஸ்ஸை ஓட்டினார்கள். டைரக்டர் கையைக் காட்டினார். கூட்டாளி புருவத்தைத் தூக்கினான். நான் பேசினேன். அவன் தலையாட்டினான். கையைத் துடைத்துக்கொண்டு நடந்தேன். டைரக்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

சவுண்டு பார்க்கிறவர் பெங்களூர் ஆள். ஹெட்போனைக் கழற்றிக்கொண்டே வந்தார்.

"ஏன் குரு, வாய் ஆடுது, சவுண்டே பரலில்ல?"

சத்தமே வரவில்லையாம். பேசினதாகவே நினைத்திருந்தேன். தொண்டை திறக்கவே இல்லை. மறுபடி எடுக்க நேரமில்லை. அடுத்த ஷிப்ட் வாசலில் நின்றது.

"பரவால்லண்ணா. டப்பிங்ல நீங்களே பேசிடுங்க" என்றார் டைரக்டர். உயிர் வந்தது.

ஸ்டூடியோவில் என் முகம் பெரிதாக நின்றது. வசனத்தைச் சொன்னேன். உதட்டோடு ஒட்டவில்லை. இழுத்துப் பார்த்தேன், சுருக்கிப் பார்த்தேன். கரடிக்கே ஒட்டவைத்த ஆள் நான். என் வாய்க்கு என் குரல் ஒட்டவில்லை. அப்படியானால் அன்றைக்கு நான் என்னதான் சொன்னேன்?

சத்தத்தை நிறுத்தச் சொன்னேன். யாரோ ஒருத்தன் உதட்டைப் பார்ப்பதுபோல என் உதட்டைப் பார்த்தேன். நாலாவது தடவை தெரிந்தது. நம்பமுடியவில்லை. வெளியே போய்க் கூட்டாளிக்குப் போன் போட்டேன்.

"டேய், அன்னிக்கு நான் இன்னாடா சொன்னேன்?"

"கேன்டீன்ல முட்டை இருந்தா எனக்கு ஒண்ணு எடுத்து வைன்ன. பதினெட்டு வருசமா அதத்தானடா சொல்லுவ? நானும் தலையாட்டனேன். சினிமாக்காரன் குடுத்த சோத்துப் பொட்டலத்துல முட்டை ஏதுடா?"

பிரஸ் ஓடும்போது எதிரில் அவன் முகம் தெரிந்தால் என் வாய் இதைத்தான் சொல்லும்போல. என்னைக் கேட்காமலே. அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போதும் அதையே யோசித்தேன்.

டைரக்டரிடம் மறைக்கவில்லை. உள்ளதைச் சொன்னேன். "நான் அழுதது முட்டைக்கா?" என்றார். குரல் இல்லாமல் அந்த இடத்தை ஓட்டச் சொன்னார். பிரஸ் இடிக்கிற சத்தம் மட்டும். இரண்டு தடவை பார்த்தார்.

"இப்படியே இருக்கட்டும்ணா. உங்களுக்கு வருத்தமா?"

"சரிங்க" என்றேன்.

படம் வந்தது. மனைவியைக் கூட்டிக்கொண்டு போனேன். குரல் வராது என்று அவளிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அந்த இடம் வந்தது. தியேட்டர் முழுக்கப் பிரஸ் இடித்தது. என் வாய் அசைந்தது. முன்வரிசையில் ஒருத்தர் "இன்னா சொல்றாரு?" என்று பக்கத்தில் கேட்டார். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பின்வரிசையில் என் ஷிப்ட் ஆட்கள் பத்துப் பேர். ஒரேயடியாகச் சிரித்தார்கள். "உஷ்" என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டியில் திரும்பும்போது சிக்னலில் நின்றோம். பின்னாலிருந்து கேட்டாள்.

"முட்டை கெடச்சுதாங்க?"

"இல்ல" என்றேன்.