டிப்ஸ் பெட்டியில் மொய்க் கவர்

வெள்ளிக்கிழமை காலை ஆறே கால் மணிக்கு நானும் என் மனைவி சரசுவும் வேலந்தாவளத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறினோம். பொள்ளாச்சியில் இறங்கி உடுமலைப்பேட்டைக்கு இன்னொரு பஸ். முப்பது கிலோமீட்டர், ஆளுக்கு முப்பது ரூபாய். போகும்போது நான் என் கைக்காசைக் கொடுத்து வாங்கியது இந்த இரண்டு பஸ் டிக்கெட்டும்தான். உடுமலைக்கு அப்புறம் எல்லாம் என் தங்கை வீட்டுக்காரர் செலவு.

மாப்பிள்ளை மோகனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி. மூணாறுக்கு மேலே ஒரு ரிசார்ட்டில் இரண்டு இரவுக்கு இரண்டு அறை பதிவு செய்துவிட்டு ஃபோன் போட்டார். "மச்சான், அக்காளக் கூட்டிட்டுச் சும்மா வாங்க. ரூம்பு, மூணு வேளச் சாப்பாடு, ஜீப்பு, எல்லாஞ் சேத்திக் கட்டியாச்சுங்க. நீங்க பாக்கெட்டுல கையே வெக்க வேண்டியதில்லைங்க." ஒரு அறைக்கு முப்பத்திரண்டாயிரம் என்று பிறகு தெரிந்தது. நல்ல மனசோடுதான் சொன்னார். அந்த நல்ல மனசுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் வடகரப்பதிப் பக்கத்து வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கூடப் பிறந்தவளுக்கு அண்ணன்தான் செய்ய வேண்டும். அவளுக்குப் பேரன் பேத்தி பிறந்தாலும் பொங்கல் சீர் அண்ணன் வீட்டிலிருந்து போகும். கொடுக்கிற கை நம்முடையது, வாங்குகிற கை அவளுடையது. நானோ ஆறு வருஷமாகத் தங்கை சுமதி வீட்டுக்குச் சீர் கொண்டு போகவில்லை. கடைசியாகப் போன பொங்கலில், நான் எடுத்துப் போன சேலையைவிட அவள் வீட்டில் பாத்திரம் கழுவுகிற பெண் கட்டியிருந்த சேலை நன்றாக இருந்தது. அடுத்த வருஷம் எங்கள் தென்னந்தோப்பில் வெள்ளை ஈ விழுந்து காய்ப்பு போனது. போகாமல் இருக்க நல்ல சாக்காக அது அமைந்தது.

அதனால் புறப்படும்போதே ஒன்றைத் தீர்மானித்துக்கொண்டேன். சாப்பாடும் அறையும் அவர் பணத்தில் நடக்கட்டும், அங்கே வேலை செய்கிறவர்களுக்குக் கொடுக்கிற டிப்ஸாவது என் கையால் போக வேண்டும். சட்டையின் உள்பையில் ஐந்து நூறு ரூபாய் நோட்டும் ஒரு ஐநூறும் வைத்துக்கொண்டேன்.

ஒன்பது மணிக்கு உடுமலையில் அவர்களுடைய காரில் ஏறினோம். இருபத்தெட்டு கிலோமீட்டரில் சின்னாறு சோதனைச் சாவடி. வண்டி எண்ணை எழுதிக்கொண்டு விட்டார்கள். அதிலிருந்து மறையூர் பதினாறு கிலோமீட்டர். அங்கே டீ பன்னிரண்டு ரூபாய். நான் பையில் கைவிட்டு வெளியே எடுப்பதற்குள் மாப்பிள்ளை ஃபோனைக் காட்டிப் பணம் கட்டி முடித்திருந்தார். மறையூர் தாண்டியதும் தேயிலைச் சரிவுகள் தொடங்கின. மூணாறு டவுனில் ஜீப்புகளும் சுற்றுலா வேன்களும் ஒன்றன் வாலை ஒன்று பிடித்து நின்றன. அங்கிருந்து பதினெட்டு கிலோமீட்டர் மேலே ஏறி, ஒன்றே முக்கால் மணிக்கு ரிசார்ட் போய்ச் சேர்ந்தோம்.

உள்ளே போனதும் நாலு பேருக்கும் மணிக்கட்டில் நீலப் பட்டை கட்டினார்கள். அது இருக்கிறவரை எதற்கும் பணம் கேட்க மாட்டார்களாம். வரவேற்பு மேஜை மேல் ஒரு மரப்பெட்டி, பக்கத்தில் மூன்று மொழியில் ஓர் அறிவிப்பு: பணியாளர்களுக்குக் கையில் பணம் தர வேண்டாம், விரும்பினால் பெட்டியில் போடலாம், ஞாயிறுதோறும் காலையில் திறந்து சமையல்காரர் முதல் தோட்டக்காரர் வரை எல்லோருக்கும் பங்கு பிரிக்கப்படும்.

அறிவிப்புப் பலகையை எந்த ஊரில் யார் படித்து நடக்கிறார்கள் என்று நினைத்தேன். எங்கள் துணிப் பெட்டிகளைத் தூக்கி வந்த மலையாளிக்கு ஒரு நூறு ரூபாயை நீட்டினேன். எங்கள் பக்கத்தில் கொடுப்பது போலக் கையை நன்றாக நீட்டி, நாலு பேர் பார்க்கத்தான் கொடுத்தேன். அவர் நோட்டைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தார். அங்கே கேமரா இருந்தது. "வேண்டா சாரே. பெட்டியில் இட்டா மதி," என்று மரப்பெட்டியைக் காட்டிவிட்டு ஒரு அடி பின்னால் போனார். அதே ஆளிடம் மாப்பிள்ளை, "ரொம்ப நன்றி சேட்டா," என்று கைகுலுக்கினார். குலுக்கப் போன கையில் மடித்த நோட்டு இருந்தது, திரும்பி வந்த கையில் இல்லை. கேமராவுக்கு மட்டுமில்லை, பக்கத்தில் நின்ற என் கண்ணுக்கே அது எப்போது போனது என்று தெரியவில்லை.

எங்கள் ஊரில் மொய் வைத்தால் மைக்கில் பெயர் சொல்வார்கள். ஊருக்குத் தெரியாமல் கொடுத்தது கொடுத்ததில் சேர்த்தி இல்லை. இங்கே தெரிந்தால்தான் குற்றம் போலிருக்கிறது. இந்த வித்தையை மாப்பிள்ளை எங்கே படித்தார் என்று எண்ணி எண்ணி அன்று மத்தியானச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

மாலை நாலு மணிக்குத் தேநீர். பரிமாறியவர் பெயர் ஜெசிந்தா, நாற்பது வயதிருக்கும். பக்கத்து எஸ்டேட்டில் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் குடியிருப்பு, அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார். பேச்சில் தெற்கத்தி இழுப்பு. டீ வந்து குடிப்பதற்கு முன்பே மாப்பிள்ளை சாசருக்கு அடியில் ஐநூறை வைத்து, சாசரை அந்தம்மா பக்கமாகத் தள்ளினார். அவர் கோப்பையைத் துடைக்கிற மாதிரி நோட்டை எடுத்துக்கொண்டு போனார்.

"டிப்ஸு வந்தன்னிக்கே குடுத்தரோணுங்க மச்சான்," என்றார் மாப்பிள்ளை. "போறன்னிக்குக் குடுத்தா அவிங்களுக்குச் சந்தோசம். நம்முளுக்கு என்னங்க பிரயோசனம்?"

அந்தப் பிரயோசனத்தை அப்புறம் இரண்டு நாளும் பார்த்தேன். அவர் அறை பள்ளத்தாக்கைப் பார்த்து இருந்தது, எங்களுடையது ஜெனரேட்டர் கொட்டகையைப் பார்த்து. அவர் கேட்காமலே அவர் அறைக்கு வெந்நீர் ஃபிளாஸ்க் போனது. நான் இரண்டு முறை ஃபோன் செய்தும் எனக்கு வந்தது ஆறிய நீர். அவருக்கு டீயில் சர்க்கரை வேண்டாம் என்பதை ஜெசிந்தா முதல் கோப்பையிலேயே மனப்பாடம் செய்துவிட்டார். எனக்குத்தான் உண்மையில் சர்க்கரை வியாதி. மூன்று முறை சொல்லியும் பாயசம் மாதிரியே வந்தது. ஆப்பச் சட்டியிலிருந்து எடுத்த முதல் ஆப்பம் அவர் தட்டில் விழும், நாலாவது என் தட்டுக்கு வரும். வயசில் அவரைவிட ஏழு வருஷம் மூத்தவன் நான். இதையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு மலை உச்சிக்கு ஜீப். ஒன்பது கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆனது. பாதையில் பாறைதான் அதிகம், பாதை கொஞ்சம். இந்த டிரைவருக்காவது நான் முந்திக்கொள்ள வேண்டும் என்று மாப்பிள்ளையைப் பார்த்துக் கற்ற மாதிரியே நூறு ரூபாயை நாலாக மடித்து உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உச்சியில் சூரியன் வந்ததாம், கீழே மேகம் பஞ்சுப் பொதி மாதிரி கிடந்ததாம். சரசு சொல்லித்தான் தெரியும். இறங்கியதும் நான் டிரைவரிடம் கையை நீட்டினேன். மாப்பிள்ளை என் கையைப் பிடித்து மூடினார்.

"விடுங்க மச்சான், நேத்தே குடுத்தாச்சுங்க. உங்களுக்குஞ் சேத்தித்தான்."

உங்களுக்கும் சேர்த்து. அந்த வார்த்தை அறைக்குத் திரும்பும்வரை காதில் நின்றது. மடித்த நோட்டு வேர்வையில் நனைந்து போயிருந்தது.

"ஏனுங்க, மாப்பிள்ளையக் கண்டா வயிறு எரியுதுன்னு ஒரு வார்த்தையில சொல்லீருங்களே," என்றாள் சரசு. "ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு உக்காந்திருக்கறீங்க."

"எரியத்தான் செய்யுது. அதுக்கென்ன பண்ணோணும்கற?"

"பொட்டிதான் வெச்சிருக்கறாங்கல்லங்க. போட்டுட்டு வந்து நிம்மதியா ஒறங்குங்க."

சரிதான். பெட்டியில் போட்டால் யாரும் என் கையைப் பிடிக்க முடியாது. வெறும் நோட்டாகப் போட மனம் ஒப்பவில்லை. சரசுவின் கைப்பையில் எப்போதும் இரண்டு மொய்க் கவர் இருக்கும். ஒரு ரூபாய் நாணயம் ஒட்டியது, மணமக்கள் பல்லாண்டு வாழ்க என்று மஞ்சளில் அச்சடித்தது. ஒன்றை வாங்கி ஐநூறை உள்ளே வைத்து ஒட்டினேன். பேனாவை எடுத்ததும் முப்பது வருஷப் பழக்கத்தில் கை தானாக எழுதியது: வடகரப்பதி, ப. பழனிச்சாமி, 501. எழுதி முடித்த பிறகுதான் இது மொய் இல்லையே என்று உறைத்தது. அடிக்கவும் மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறக்கும்போது இது அந்த மாப்பிள்ளை கொடுத்தது அல்ல, மச்சான் கொடுத்தது என்று எல்லோருக்கும் தெரியட்டுமே. உண்மையைச் சொன்னால் கொடுப்பதைவிட அதுதான் எனக்கு முக்கியமாக இருந்தது. கவர் பெட்டிக்குள் விழுந்த சத்தம் கேட்டுத் திருப்தியாக வந்து படுத்தேன்.

ஞாயிறு காலை ஒன்பதரைக்கு வரவேற்பு மேஜை முன்னால் பெட்டிகளோடு நின்றோம். நீலப் பட்டையைக் கத்தரித்து எடுத்தார்கள். ஜெசிந்தா உள்ளிருந்து வேகமாக வந்தார். இரண்டு கையாலும் என் கவரைப் பிடித்திருந்தார்.

"அண்ணே, கல்யாணத்துக்கு வச்சிருந்த கவரு எப்படியோ டிப்ஸுப் பொட்டில விழுந்து கெடந்துச்சுண்ணே. பேரும் ஊரும் இருந்ததால உங்களுதுன்னு தெரிஞ்சுச்சு. நாங்க பிரிக்கல. எங்க சனத்துலயும் மொய் எழுதுவாங்கதான, கல்யாணக் காச எடுக்கக் கூடாதுல்ல."

வரவேற்பில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாப்பிள்ளையும் பார்த்தார். 'இல்லைங்க, அது உங்களுக்குத்தான்' என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. டிப்ஸுக்கு எவனாவது மொய் எழுதுவானா என்று ரிசார்ட்டே சிரிக்குமே என்ற எண்ணமும் கூடவே வந்து அதை அங்கேயே நிறுத்தியது.

அதற்குள் சுமதி கை நீட்டிக் கவரை வாங்கினாள். என் கையெழுத்தை ஒரு முறை படித்தாள்.

"இது எனக்கு எங்கண்ணன் வெச்சதுங்க," என்று ஜெசிந்தாவிடம் சொல்லிவிட்டுக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

மாப்பிள்ளை ஜெசிந்தாவின் நேர்மையை மெச்சினார். பில் வைத்துக் கொடுக்கிற தோல் மடிப்புக்குள் ஒரு ஐநூறைச் செருகி அவர் பக்கம் தள்ளினார். "நல்லா இருங்க சார்," என்றார் ஜெசிந்தா. என் கவர் திரும்பி வந்ததற்கு வாழ்த்து மாப்பிள்ளைக்கு. மொத்தப் பயணத்திலும் என் வயிறு அதிகமாக எரிந்தது அந்த நிமிஷத்தில்தான். எனக்கு மூன்று நாள் டீ ஊற்றிய அந்தப் பெண்ணுக்கு என் கையிலிருந்து ஒரு பைசா போகவில்லை. அது இன்றுவரை உறுத்துகிறது.

பன்னிரண்டு மணிக்கு மறையூரில் வண்டி நின்றது. மறையூர் வெல்லம் கிலோ நூற்றி இருபது ரூபாய். மாப்பிள்ளையும் சரசுவும் மோந்து பார்த்து வாங்கக் கடைக்குள் போனார்கள். முன் இருக்கையில் சுமதி, பின்னால் நான். அவள் திரும்பாமலே பேசினாள்.

"டிப்ஸுக்குத்தான் போட்டீங்கன்னு தெரியுங்கண்ணா."

"தெரிஞ்சும் ஏன் வாங்குன? அந்தம்மாகிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவங்க எடுத்திருப்பாங்க."

"நாலு பேருக்கு முன்னால நீங்க தலை குனியோணுமா? அதுக்குன்னுதான் கைய நீட்டுனேன்." மடியிலிருந்த கைப்பையை இழுத்து வைத்துக்கொண்டாள். "நீட்டுன பொறவு குடுக்க மனசு வல்லைங்கண்ணா. உங்க கையெழுத்துல ஒரு கவரு என் கைக்கு வந்து ஆறு வருசமாச்சு."

"உன்ற ஊட்டுல இல்லாததையா நான் கொண்டாறப் போறேன்?"

"எங்கூட்டுல எல்லாந்தான் இருக்குது. அதே ஊட்டுல இருக்கற எங்க ஓரகத்திக்கு ஒரு அண்ணன் இருக்கறாரு. பல்லடத்துல தறி ஓட்டறாரு, சொந்தத் தறி கூட இல்ல. பொங்கலுக்குப் பொங்கல் ஒரு பையில அரிசி, ஒரு கரும்பு, ஒரு நூல் சேலை. அவர் வண்டி வாசல்ல நின்னா அவ நடையே வேற. 'எங்கண்ணன் வந்திருக்கறாரு'ன்னு சமையக்கட்டு வரைக்கும் கேக்கற மாதிரி சொல்லுவா. நான் உள்ள வேலையிருக்கற மாதிரி போயிருவேன்."

கடை வாசலில் மாப்பிள்ளை வெல்லப் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டி எத்தனை கிலோ என்று சைகையில் கேட்டார். சுமதி இரண்டு விரலைக் காட்டினாள். மூன்று நாளாக நான் ஒருத்தன் மட்டும்தான் எரிந்துகொண்டிருந்தேன் என்று நினைத்திருந்தேன். இவள் ஆறு வருஷமாக எரிந்திருக்கிறாள், அதுவும் என்னால்.

"அடுத்த மாசம் பொங்கலுக்கு வர்றேன் சுமதி," என்றேன். "என்ன கொண்டாறதுன்னு தெரியல. ஆனா வர்றேன்."

அவள் அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"என்னத்தையோ கொண்டாங்க. அவ அண்ணன் ஒம்பது மணிக்கு வருவாரு. நீங்க எட்டு மணிக்கே வந்துருங்கண்ணா."