சேக்காட்டிலிருந்து காட்டுப்பாக்கத்துக்கு, எட்டு ஜிலேபி மீன்களோடு

1992 டிசம்பர் கடைசி. மீன் தன் செவுள் வழியாகத் தண்ணீரிலுள்ள கால்சியத்தை எப்படி இழுக்கிறது என்பதுதான் என் எம்.ஃபில். ஆய்வு. தண்ணீரில் கால்சியம் குறைந்தால் செவுள் அதிகமாக இழுக்கும்; கூடினால் உடம்புக்குள் ஒரு ஹார்மோன் சுரந்து அந்த வேகத்தை அடக்கிவிடும். இதை அளக்கத்தான் சேக்காட்டு மொட்டை மாடியில் மழைத்தண்ணீர் பிடித்து, எட்டு ஜிலேபி மீன்களைப் பன்னிரண்டு நாள் அதிலேயே வைத்திருந்தேன். காட்டுப்பாக்கம் ஆய்வகத்தில் கருவி அன்று ஒருநாள்தான் கிடைக்கும். மழையும் முடிந்துவிட்டது, பிடித்து வைத்த தண்ணீரும் தீர்ந்துவிட்டது.

காலை 8.10க்கு ஆட்டோ. பதினான்கு கிலோமீட்டர், ஐம்பது ரூபாய். (பஸ்ஸில் மீன் கேனை ஏற்ற விடமாட்டார்கள், கேட்டுப் பார்த்துவிட்டேன்.) பருத்திப்பட்டு தாண்டியதும் ரோடு குண்டும் குழியுமாக, கேன் தண்ணீரில் பாதி என் புடவையில்.

8.45க்குப் பூந்தமல்லியில் பஞ்சர். தாமதமாகும் என்று பேராசிரியருக்கு போன் செய்யப் போனேன். திரும்பினால் டயர் மாற்றியாகிவிட்டது, கேன் நிறையத் தண்ணீர்! ஓட்டுநர் பெருமாள் அண்ணன் முகத்தில் அப்படியொரு பெருமை.

"மீனுங்க வாயத் தொறந்துகினு கெடந்துச்சும்மா, பாவமாக் கீது. அதான் அடிபம்புல புட்ச்சி ஊத்னேன்."

டீக்கடைப் பாத்திரத்தில் வெள்ளையாக உப்பு அப்புகிற, கால்சியம் நிறைந்த தண்ணீர் அது. "அய்யோ, கெடுத்தீங்களே அண்ணா!" என்று நடுரோட்டில் கத்தினேன். அழுகை வந்துவிட்டது. விஷயத்தையும், அடுத்த மழைக்கு ஒரு வருடம் ஆகும் என்பதையும் சொன்னேன். மனுஷன் கேனுக்குள் எட்டிப் பார்த்தார்.

பிறகு மெதுவாக, "மீனுங்க உசுரோடத்தானே கீது? அளந்து எழுதிக்கினு வந்துரும்மா. நான் ஊத்னது யாருக்குத் தெரியப் போவுது?" என்றார்.

உண்மைதான், யாருக்கும் தெரியாது. ஆசையும் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் செவுள் இந்நேரம் அடங்கத் தொடங்கியிருக்கும். மழைத்தண்ணீர் மீன் என்று எதை எழுதுவது?

"வண்டியத் திருப்புங்கண்ணா."

"இன்னாம்மா, ஒரு வருசம் பூடுமே!"

"போகட்டும். திருப்புங்க."

உயிர்மீனோடு கிளம்புகிறவர்களுக்கு: கேன் மூடியில் ஓட்டை போட்டு இறுக்கிக் கட்டுங்கள். மீன் இருக்கும் அதே தண்ணீரை இன்னொரு கேனில் எடுத்துக்கொள்ளுங்கள். எதுவும் ஊற்ற வேண்டாம் என்று ஓட்டுநரிடம் முதலிலேயே சொல்லுங்கள். நான் சொல்லவில்லை, தப்பு என்னுடையது.

அடுத்த ஐப்பசி மழைவரை காத்திருந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். வாய்மொழித் தேர்வில் ஒரு அட்டவணையைக் காட்டி, "இது நிச்சயமா?" என்று தேர்வாளர் முறைத்தார்.

"நிச்சயம் சார்" என்றேன். குரல் துளியும் நடுங்கவில்லை.