கல்யாணப் பத்திரிகையில் வெட்டிய ஜன்னல்

போன வாரம் பக்கத்து வீட்டுப் பையனுக்குத் துணையாகச் சேலத்தில், படிக்கத் திணறும் பிள்ளைகளுக்கான ஒரு பரிசோதனை நிலையத்துக்குப் போயிருந்தேன். பையனுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. புத்தகத்தை எடுத்தால் மட்டும் வரி மாறிப் போகிறான். அங்கிருந்த பெண் படங்களைக் காட்டினாள், கட்டங்களைப் பார்த்து வரையச் சொன்னாள். பிறகு நடுவில் நீளமாக ஓட்டை போட்ட பிளாஸ்டிக் அட்டை ஒன்றைப் புத்தகத்தின் மேல் வைத்தாள். "கண் பார்க்கிறதை மூளை வரிசைப்படுத்தத் திணறுது, அவ்வளவுதான். இது புது முறை மேடம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அட்டையை வாங்கி மோந்து பார்த்தேன். வெறும் பிளாஸ்டிக் வாசனை. என்னுடையதில் மஞ்சள் மணக்கும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஏற்காட்டிலிருந்து நாகலூர் பஸ்ஸில் போய் இறங்கி, காப்பித் தோட்டத்துக்குள் நடந்தால் எங்கள் பள்ளி. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பல் தந்தியடிக்கும், குளிரா கோபமா என்று எனக்கே தெரியாது. தலைமையாசிரியரைப் பெரிய சார் என்போம். வருஷம் முழுக்கக் காதைச் சுற்றி மப்ளர். அதனால்தான் யார் சொல்வதும் அவருக்குக் கேட்கவில்லை என்று முதலில் அப்பாவியாக நினைத்தேன். கழற்றிய நாளிலும் கேட்கவில்லை.

ஐந்தாம் வகுப்பில் காவேரி என்று ஒரு பெண். தூரத்துச் சவுக்கு மர உச்சியில் பறவை உட்கார்ந்தால் அவள்தான் முதலில் காட்டுவாள். ஆனால் கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் பாதி எழுத்து மேல் வரியில், பாதி கீழ் வரியில். "எழுத்து ஓடுதுங்க டீச்சர்" என்பாள். "ஓடுதா? நான் புடிச்சுத் தரேன்" என்று பெரிய சார் பிரம்பை எடுப்பார். தன் நகைச்சுவைக்குத் தானே சிரிக்கிற ரகம். அவள் அப்பன் எஸ்டேட் கூலி. ஐந்தாவது தேறினால் மேலே படிப்பு, இல்லையென்றால் காப்பிப் பழம் பறிக்க அனுப்புவது என்று முடிவு செய்திருந்தார்.

அந்த வருஷம் பிள்ளைகளின் கண்ணைச் சோதிக்கச் சேலத்திலிருந்து ஒரு டாக்டர் வருவதாக இருந்தது. எழுத்துச் சார்ட்டை முன்கூட்டியே பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருந்தார்கள். பெரிய சார் என்ன செய்தார் தெரியுமா? "ஒருத்தனாச்சும் தப்பாச் சொன்னா ஸ்கூல் மானம் போயிரும்" என்று, அதை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்ய வைத்தார்! தினமும் பிரார்த்தனை முடிந்ததும் சார்ட். டாக்டருக்கோ பனிமூட்டம் இறங்குவதற்குள் மலையிறங்கும் அவசரம். பிள்ளைகள் மேலிருந்து கீழ்வரை பாடிக் காட்டினார்கள். ஒருவன் இரண்டு கண்ணையும் பொத்திக்கொண்டு கடைசி வரி வரை சொன்னான். அவனுக்கும் பார்வை பழுதில்லை என்று எழுதிக்கொண்டார். காவேரிக்குக் காதால் கேட்டது மறக்காது. எல்லோரையும்விடத் திருத்தமாகச் சொன்னாள். "கண்ணு ரெண்டும் வைரம்" என்று அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு டாக்டர் ஜீப் ஏறினார். இந்த மூளைகளிடம்தான் பிள்ளைகளின் மூளையை ஒப்படைத்திருந்தோம்.

மறுநாள் அவள் அப்பன் வந்தார். "ஏனுங்க டீச்சர், கண்ணு நொம்ப நல்லாயிருக்குதுன்னு டாக்டரே சொல்லிப்போட்டாருங்க. அப்புறமும் படிப்பு வரலீன்னா மண்டையில ஒண்ணுமில்லீன்னுதானுங்களே?" என்றார். "அதேதான்" என்றார் பெரிய சார். படித்தவர்.

எனக்குப் பொறுக்கவில்லை. பையிலிருந்த ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து, ஒரு வரி மட்டும் தெரிகிற அளவுக்கு பிளேடால் ஜன்னல் வெட்டினேன். மூலையில் தடவிய மஞ்சள் விரலில் ஒட்டியது. பெரிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. சுற்றி நிற்கும் எழுத்துக் கும்பலை விலக்கினால் பிள்ளை மூச்சு விடுமே என்று தோன்றியது. காவேரி தொட்டுத் தொட்டு ஒரு வரியை முழுசாகப் படித்தாள். நிமிர்ந்து பார்த்து, "டீச்சர், நின்னுக்கிச்சுங்க!" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதன் பிறகு தினமும் படித்தாள்.

முழுப் பரீட்சை அன்று கேள்வித்தாள் மேல் அதை வைத்தாள். பெரிய சார் பாய்ந்து பறித்தார். "பிட்டா?" அதில் மாப்பிள்ளை பெயரும் முகூர்த்த நேரமும்தான் இருந்தன. "இல்லீங்க சார், இதுலதான் எழுத்து நிக்குமுங்க" என்றாள். "வைரக் கண்ணுக்கு இது எதுக்கு?" என்று கிழித்து, சத்துணவு அடுப்பில் போட்டார். "சார், சார்" என்று நான் பின்னாலேயே ஓடியதுதான் மிச்சம். காவேரி வெள்ளைத்தாளைக் கொடுத்துவிட்டு எழுந்து போனாள்.

பெரிய சார் ஓய்வு பெற்றபோது, பிள்ளைகளின் கண்ணைத் திறந்தவர் என்று வாழ்த்து வாசித்துச் சால்வை போர்த்தினார்கள். மப்ளருக்கு மேலேயே. இப்போது அவரும் இல்லை. பிள்ளைகள் குறைந்து பள்ளியையும் மூடிவிட்டார்கள்.

காவேரியைக் கடைசியாகப் பார்த்தது அடுத்த பழ சீசனில். இடுப்பில் சாக்குப்பை கட்டியிருந்தாள். "டீச்சர், வேற கல்யாணப் பத்திரிக்கை வந்துச்சுங்களா?" என்று கேட்டாள். மறுவாரமே ஒன்றை வெட்டி எடுத்துக்கொண்டு போனேன். அதற்குள் குடும்பத்தோடு வேறு எஸ்டேட்டுக்குப் போய்விட்டார்கள். எங்கே என்று எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டருக்கும் தெரியவில்லை.

இன்று பத்திரிகையெல்லாம் போனில்தான் வருகிறது. அதில் ஜன்னல் வெட்ட முடியாது.