ஒரு நாளைக்கு ஒரே கேள்வி

ஞானஸ்நானத்தில் அவளுக்கு வைத்த பெயர் வேறு. ஊர் வாயில் நிலைத்த பெயர் துருவி. எதையும் துருவித் துருவிக் கேட்கிறாள் என்று அவளுடைய அம்மாவே சூட்டியது அது. பதினைந்து வயதுக்குள் அவள் கேட்காத கேள்வி இல்லை. முழுதாகக் கேட்ட பதில்தான் ஒன்றுகூட இல்லை. எதிராளி பாதி சொல்வதற்குள் மீதியைத் தானே ஊகித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவாள்.

அவள் போகும் தேவாலயத்தின் வாலிபர் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவரும் தம் வலப்பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு சிறு சவால் கொடுப்பார்கள். அந்த வாரம் முழுவதும் அதை நாள்தோறும் செய்ய வேண்டும். எழுந்ததும் படுக்கையை மடிப்பது, ஒரு சங்கீதம் வாசித்த பிறகே கைபேசியைத் தொடுவது, தம்பியை அடிக்காமல் பொழுதை ஓட்டுவது என்று எல்லாம் கைக்கு அடக்கமானவை. நிபந்தனை ஒன்றுதான்: இந்தச் சவாலை ஏன் கொடுத்தாய் என்று அடுத்த ஞாயிறுவரை கேட்கக் கூடாது. மற்றவர்களுக்குச் சவால் ஒன்று. துருவிக்கு அந்த நிபந்தனையும் சேர்ந்து எப்போதும் இரண்டு.

அந்த ஞாயிறு அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தவன் ரொட்டிக்கடைக்காரர் மகன். பாடகர் குழுவின் கடைசி வரிசையில் அவளுடைய அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று பாடுபவன். ஒரு வாக்கியத்தைத் தொடங்கி முடிப்பதற்குள் அடுப்பில் ரொட்டி வெந்துவிடும் என்பதால் அவனுக்கு நிதானம் என்று பெயர்.

"ஒரு நாளைக்கு ஒருத்தர்கிட்ட ஒரே ஒரு கேள்வி," என்றான். துருவி வாய் திறப்பதைக் கையால் தடுத்துவிட்டுத் தொடர்ந்தான். "அவங்க பதில் சொன்ன பிறகும் நீ பேசக் கூடாது. அவங்க எழுந்து போற வரைக்கும்."

வேறொரு வாரமாக இருந்தால் அவள் சண்டைக்கு நின்றிருப்பாள். அந்த வாரம் அவள் மனம் அப்பாவிடம் இருந்தது.

அவர் தையல் இயந்திரம் பழுது பார்ப்பவர். துருவி பிறப்பதற்கு முன்பிருந்தே பாடகர் குழுவில் இருப்பவர். சில வாரங்களுக்கு முன், திருவிருந்து ஆராதனையில் பாட்டின் முதல் சரணம் முடிந்து எல்லோரும் தலைகவிழ்ந்து மௌனமாக ஜெபித்துக்கொண்டிருந்தபோது, அவருடைய கனத்த குரல் தனியாக எழுந்து ஒரு வரி முழுவதும் பாடிற்று. திரும்பிய முகங்களைப் பார்த்த பிறகே நின்றது. வாசலில் பலர் முன்னிலையில் குழுத்தலைவர், தனியாகப் பாட ஆசை இருந்தால் முன்னதாகவே சொல்லியிருக்கலாமே என்று கேட்டார். அப்பா வீட்டுக்கு வந்து பாட்டுப் புத்தகத்தை அலமாரியின் மேல்தட்டில் வைத்தவர், பிறகு அதைத் தொடவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் தொண்டை சரியில்லை என்ற ஒரே பதில்தான். வேலை செய்யும்போது முனகும் பாட்டும் நின்றது. வீடு எண்ணெய் விடாத சக்கரம்போல ஆகிவிட்டது. இந்தச் சனிக்கிழமை ஒத்திகைக்கு வராவிட்டால் அவர் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவதாகத் தலைவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

திங்கட்கிழமை சவாலில் தோற்றாள். மருத்துவமனைப் பணியிலிருந்து வந்த அம்மாவிடம், இன்றைக்கு வார்டு எப்படி இருந்தது என்று கேட்டுவிட்டு உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"வாயைப் பூட்டிட்டுப் புருவத்தால துருவுறியாடி?" என்றாள் அம்மா.

மறுநாள் பள்ளிக் காவலாளியிடம், காலையிலிருந்து நின்றால் கால் வலிக்காதா என்று கேட்டாள். பழகிவிட்டது என்றார். அவள் நகரவில்லை. சற்றுப் பொறுத்து அவரே, வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையின் நடை தனி, அதைக் கண்டுபிடிக்கும் சுவாரசியத்தில் கால் வலி தெரிவதில்லை என்றார். துருவிக்கு வியப்பாக இருந்தது. முதலில் வரும் பதில் வெறும் மூடி. பொறுத்திருந்தால்தான் பாத்திரம் திறக்கிறது. தன் காலை ஜெபத்திலும் கேள்விகளை அடுக்கிவிட்டு 'ஆமென்' என்று கதவைச் சாத்திக்கொண்டு வந்ததை அப்போதுதான் கவனித்தாள். அடுத்த நாள் ஆமெனுக்கு முன் கொஞ்சம் சும்மா இருந்து பார்த்தாள். வெளியே குழாய் சொட்டுவது கேட்டது. அதுவும் புதிதாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை அப்பாவின் பட்டறைக்குள் போனாள். அவர் ஒரு பழைய இயந்திரத்தின்மேல் குனிந்திருந்தார். திருப்புளியின் மரப்பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டு, அதன் முனையை இயந்திரத்தின் உடம்பில் வைத்து, சக்கரத்தை மெல்லச் சுற்றினார். முன்பெல்லாம் காதைத்தான் அருகே கொண்டுபோவார்.

ஏன் பாடப் போகவில்லை என்ற கேள்வியோடுதான் வந்திருந்தாள். அதை ஊரே கேட்டுவிட்டது. நாளுக்கு ஒன்றுதான் என்பதால் அவள் மாற்றிக் கேட்டாள்.

"அதைக் கடிச்சா என்னப்பா தெரியும்?"

"எங்க உரசுதுன்னு தெரியும்," என்றார்.

இது மூடி. தொண்டையில் கேள்விகள் வரிசை கட்டி நின்றன. துருவி ஒரு காலி நூல்கண்டைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றாள். சக்கரம் நின்றது.

"காதுல வராததெல்லாம் பல்லுல வருது," என்றார் அப்பா, இயந்திரத்தைப் பார்த்தபடியே.

அவள் அப்போதும் பேசவில்லை. மீதி தானாக வந்தது. இடது காது மங்கிப் பல மாதங்கள் ஆகின்றன. அன்று இரண்டாம் சரணம் வேண்டாம் என்று தலைவர் முணுமுணுத்தது அவருக்குக் கேட்கவில்லை. வழக்கம்போல அடுத்த சரணத்தை எடுத்தார்.

"காது போச்சுன்னு தெரிஞ்சா மெஷினை யாரு கொண்டு வருவா? ஆசைப்பட்டுப் பாடினேன்னே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

துருவி திருப்புளியை வாங்கிப் பாவாடையில் துடைத்து, பிடியைக் கடித்து, முனையை இயந்திரத்தில் வைத்தாள். அப்பா சக்கரத்தைச் சுற்றினார். அவள் மண்டைக்குள் இயந்திரம் முழுதும் பாடிற்று; ஓரிடத்தில் உரசலும் தெளிவாகக் கேட்டது. பிடியை வாயிலிருந்து எடுத்ததும் விதி உடைந்தது.

"சர்ச் ஆர்கனும் மரப்பெட்டிதானேப்பா?"

அப்பா இயந்திரத்தின் மரப்பலகையில் உள்ளங்கையை வைத்து, சக்கரத்தை இன்னொரு முறை சுற்றினார்.

சனிக்கிழமை அம்மா காது மருத்துவரிடம் நேரம் குறித்தாள். அப்பா ஒத்திகைக்குப் போய், தமக்கு ஒரு காது மங்கல், ஆர்கனை ஒட்டி நிற்க இடம் வேண்டும் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். தலைவர் இடம் கொடுத்தார், வருத்தம் தெரிவிக்கவில்லை. ஞாயிறு ஆராதனையில் அப்பா ஆர்கனின் பக்கப்பலகையில் உள்ளங்கையை வைத்து நின்றார். பாட்டை எடுக்க வேண்டிய இடத்தில், பக்கத்தில் வந்து நின்ற நிதானம் முழங்கையால் தொட்டான். குரல் சரியான இடத்தில் எழுந்து சரியான இடத்தில் நின்றது.

வட்டத்தில் உட்கார்ந்ததும் துருவி வாரம் முழுக்க அடைகாத்ததைக் கேட்டாள்: ஏன் அந்தச் சவால்?

"உங்கப்பாவுக்குக் கேக்கலைன்னு சொல்ல உன்கிட்ட மூணு தடவை வந்தேன்," என்றான் நிதானம். "'உங்கப்பாவுக்கு'ன்னு ஆரம்பிச்சாலே 'தொண்டை, தெரியும்'னு ஓடிட்ட."

துருவிக்கு முகம் சுட்டது. மன்னிப்புக் கேட்க வாய் திறந்தவள், அவன் இன்னும் எழுந்திருக்கவில்லை என்பதைக் கண்டு மூடிக்கொண்டாள். நாற்காலிகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

"இன்னும் ஒண்ணு இருக்கு," என்றான். "ரெண்டாம் சரணம் வேணாம்னு அவர் சொன்னது எனக்கும் கேக்கலை. நானும் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள உங்கப்பா பாடிட்டார்."

துருவி அவன் சட்டைக் கையைப் பிடித்து எழுப்பினாள். அப்பா வாசலருகே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"இதை அவர்கிட்டயே சொல்லு. எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை," என்றாள். "வலது பக்கமா நின்னு சொல்லு."