குள்ளம்மாள் பார்த்த முகம்

இது நடந்த கதை. என் டீ பாய்லர் மேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன். பாய்லரில் இன்னும் கரி போடவில்லை, அந்தத் தைரியத்தில்தான் கை வைத்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு வாய் நீளம். ஈ கடித்தால் யானை மிதித்தது என்பேன். பாலக்கோடு போகிற ரோட்டில் இருக்கும் எங்கள் தக்காளி மண்டியில், டீக்கடை நவநீதன் பேச்சு என்றால் பத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு மீதியை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் இந்தக் கதையில் எங்கே இழுத்தாலும் அங்கேயே ஒப்புக்கொள்வேன். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

நேற்று மதியம் என் கடை பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெட்டி தூக்குகிறவர்களுக்கு மேஸ்திரியான பச்சியப்பன், பழம் பிரிக்கிற ராணியம்மாள், லாரி டிரைவர் ராஜா. மண்டி கேட்டுக்கு வெளியே பஸ் நிற்கிற இடத்தில் தர்மன் ஒரு பையோடு நின்றிருந்தான். அவனை மறுபடி பெட்டி தூக்கச் சேர்ப்பதா வேண்டாமா என்று மேஸ்திரி சொல்லியாக வேண்டும். சேர்த்துக்கொண்டால் சுவரில் அவனுடைய பழைய ஆணியில் அவன் துண்டு தொங்கும். இல்லையென்றால் அவன் ஓசூர் பஸ் ஏறிவிடுவான்.

அவனுக்காகப் பேசச் சொல்லி என்னை அனுப்பியது குள்ளம்மாள். "நான் சொன்னா ஆரு கேப்பாங்க? நீயே சொல்லு தம்பி. இந்தத் தடவ ஒழுங்கா சொல்லு" என்றாள். அதனால் அவள் கதையையே அவர்களுக்குச் சொன்னேன்.

குள்ளம்மாள் நல்லம்பள்ளிப் பக்கம் பிறந்தவள். பெயர்தான் குள்ளம்மாள், ஆள் ஆறரை அடி. சரி, ஐந்தே முக்கால். புருஷன் போர்வெல் லாரியில் வடக்கே வேலைக்குப் போனான். நாலாவது வருஷம் அவன் வரவில்லை, ஒரு சொம்பில் சாம்பல் வந்தது. பிள்ளை கிடையாது. அப்புறம்தான் மண்டிக்கு வந்தாள். கோணியை விரித்து உட்கார்ந்து பழத்தைக் காய், பழம், வெடிப்பு என்று பிரிப்பாள். இருபது வருஷம் அதே கோணி இடம். அவள் பிரித்த தக்காளியை அடுக்கினால் நிலா வரைக்கும் போகும். இது இழுத்தது.

பெட்டியைத் தலையில் ஏற்றிவிட்டால் இரண்டு கையும் மேலே போய் ஆளின் முகத்தை மறைத்துவிடும். கீழே கோணியில் உட்கார்ந்திருப்பவளுக்குத் தெரிவது இடுப்பும் கையும், தலையில் சுருட்டி வைத்த சும்மாட்டுத் துண்டும்தான். அதனால் எங்கள் மண்டியில் துண்டை வைத்துத்தான் ஆளைக் கூப்பிடுவோம். மேஸ்திரிக்கு மஞ்சள். தர்மனுக்குச் சிவப்புக் கட்டம். "ஏ சிவப்புக் கட்டம், இந்தப் பெட்டிய எடு" என்றால் தர்மன் வருவான். குள்ளம்மாள் மண்டிக்கு வந்த முதல் நாள், அவளுக்கு நிழல் பார்த்துக் கோணி போட்டுக் கொடுத்தவனும் இந்தச் சிவப்புக் கட்டம்தான். அப்போது அவனுக்கு மீசைகூட முளைக்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசிக் காலை. மழை என்றால் அப்படி மழை, தக்காளியெல்லாம் நீந்திப் போனது. நீந்தவில்லை, நனைந்தது. எடை போடுகிற மாதவராஜ் தராசுக்குப் பின்னால் குனிந்திருந்தார். பெட்டியோடு வந்த ஒருவன் பெட்டியைப் போட்டுவிட்டு, இரும்புக் கம்பியால் அவர் தலையில் அடித்துவிட்டுப் பின்வழியாக ஓடினான். அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தவள் குள்ளம்மாள் ஒருத்திதான், அவளுக்கும் தெரிந்தது முதுகும் துண்டும்தான். அவள் கத்தியது இவ்வளவே:

"சிவப்புக் கட்டம்! சிவப்புக் கட்டம் ஓடுது!"

நான் எட்டடி தூரத்தில் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். வேறு ஒரு வார்த்தையும் அவள் சொல்லவில்லை. இதில் நான் ஒரு நூல்கூட இழுக்கவில்லை.

நாற்பது பேர் மாதவராஜைச் சுற்றி நின்றோம். ஆம்புலன்ஸுக்குப் பக்கத்து ஆள் போன் பண்ணியிருப்பான் என்று ஒவ்வொருத்தரும் நினைத்துக்கொண்டோம். அரை மணி நேரம் கழித்து மாதவராஜே வாயைத் திறந்து, "ஆராச்சும் போன் பண்ணுங்களேன்பா" என்றார். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. மூன்றாம் நாள் போய்விட்டார்.

தர்மன் அதே பின்வழியாக நனைந்துகொண்டு ஓடி வந்தான். சேற்றில் மாட்டிய டெம்போவுக்குக் கல் வைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னான். டெம்போக்காரன் கிளம்பிப் போய்விட்டான், அவன் யாரென்று யாருக்கும் தெரியாது. தர்மன் தலையில் துண்டு இல்லை.

"துண்டு எங்கடா?"

"ஆணியில மாட்டிட்டுப் போனேன். எவனோ எடுத்துக்கினு போயிட்டான்."

முந்தின நாள்தான் மாதவராஜுக்கும் அவனுக்கும் பெட்டி உடைந்ததைப் பற்றி வாய்ச்சண்டை. அது போதுமே. "இவன்தான்" என்று ஒருத்தன் சொன்னான். அடுத்தவன் தலையாட்டினான். தலையாட்டாமல் நின்றால் நம்மையும் சேர்த்துப் பார்ப்பார்களோ என்று மூன்றாமவன் ஆட்டினான். நானும் ஆட்டினேன். மழை நாளில் எல்லார் துண்டும் சொட்டச் சொட்டத் தொங்கும், காய்ந்தது எது கிடைக்கிறதோ அதை எடுத்துச் சுருட்டிக்கொண்டு போவோம். இது நாற்பது பேருக்கும் தெரியும். அன்றைக்கு மட்டும் ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை.

இனிமேல்தான் என் பங்கு.

அந்த வாரம் என் கடையில் கூட்டம் தாங்கவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் கதை சொன்னேன். முதல் நாள் ஓடிப்போனான் என்றேன். இரண்டாம் நாள், ஓடினவன் திரும்பிப் பார்த்தான் என்றேன். மூன்றாம் நாள், திரும்பிப் பார்த்துச் சிரித்தான், எருமை மாதிரி புஸ் புஸ் என்று மூச்சு விட்டான் என்றேன். அந்த எருமைக்கு நல்ல வரவேற்பு. குள்ளம்மாள் பெஞ்சின் ஓரத்தில் டீ கிளாஸோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள்.

"நான் மொகத்தப் பாக்கலையேப்பா" என்று முதல் நாள் சொன்னாள்.

"பயப்படாதக்கா, நாங்க அல்லாரும் இருக்கோம்ல" என்றோம்.

"நல்லா யோசிச்சுப் பாருக்கா, வரும்" என்று இதே ராணியம்மாள் சொன்னாள்.

நாலாம் நாள், "திரும்புன மாதிரிதான் இருந்துச்சு" என்றாள் குள்ளம்மாள். பத்தாம் நாள் போலீஸ் ஸ்டேஷனில் தர்மன் போட்டோவைக் காட்டினார்கள், ஒன்றே ஒன்று. பார்த்ததும் அழுதுவிட்டாள். "இந்த மொகந்தாங்க." அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. அதற்குள் அவளுக்கு உண்மையிலேயே அந்த முகம் தெரிய ஆரம்பித்திருந்தது.

தர்மன் பத்தொன்பது மாதம் உள்ளே இருந்தான். அவன் பெண்சாதி சின்னம்மாள் கரும்பு வெட்டப் போனாள். அப்பனைப் போலீஸ் கூட்டிப் போனபோது மகள் வெண்மதிக்கு நாலு வயசு.

கோர்ட்டில் குள்ளம்மாளைக் கூண்டில் ஏற்றிய நாள் நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுச் சொன்னாள்: "அடிச்சிட்டுத் திரும்பிப் பாத்தான். சிரிச்சான். எருமை மாதிரி மூச்சு வுட்டான். அந்தச் சத்தம் இன்னும் என் காதுல இருக்குதுங்க."

 அது என் எருமை. கூட்டம் சிரிக்கட்டும் என்று என் கடையில் பிறந்த எருமை, கோர்ட்டுக்குள் வந்து ஒருத்தன் கழுத்தில் கால் வைத்து நின்றது. எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. குறுக்கு விசாரணையை அடுத்த வாய்தாவுக்குத் தள்ளிவைத்தார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் சின்னம்மாள் பிள்ளையோடு நின்றிருந்தாள். குள்ளம்மாளைப் பார்த்துத் திட்டவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அவ்வளவுதான். பிள்ளைதான் பேசியது.

"பெரிம்மா, எங்கப்பா அடிச்சத நானும் பாத்தேன்."

"நீ எங்கடி கண்ணு பாத்த? நீ வூட்டுல இருந்தியே."

"இல்ல, பாத்தேன். அப்பா திரும்பி சிரிச்சாரு. எருமை மாதிரி புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு வுட்டாரு."

"ஆருடி உனக்குச் சொன்னது?"

"ஆரும் சொல்லல. நானே பாத்தேன்."

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சொல்லிச் சொல்லி, இந்தப் பிள்ளைக்குள்ளும் என் எருமை போய்விட்டிருந்தது. குள்ளம்மாள் மண்டியிட்டு அந்தப் பிள்ளையின் கண்ணையே ரொம்ப நேரம் பார்த்தாள். அதில் பொய்யே இல்லை. பொய் இல்லாமல், நடக்காத ஒன்றை அது பார்த்திருந்தது. பிறகு மெதுவாக எழுந்து என் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, எருமை மாதிரி மூச்சுன்னு மொதல்ல சொன்னது ஆரு?"

"நாந்தாங்க்கா."

"நீ பாத்தியா?"

"இல்லக்கா. சும்மா சொன்னேன்."

"திரும்புனது?"

"அதுவும் நாந்தான்."

அவள் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்ப நான் பாத்தது எதுடா?" என்று மட்டும் கேட்டாள்.  

அடுத்த வாய்தாவில் தர்மனுடைய வக்கீலம்மா பிரியதர்ஷினி கேட்டார்: "முகத்தைப் பார்த்தீங்களா அம்மா?"

"மொகம் எனக்குள்ள இருக்குதுங்க. ஆனா அது நான் பாத்ததா, இவங்க அல்லாரும் எனக்குக் குடுத்ததான்னு தெரிலீங்க. துண்டப் பாத்தேன். அது மட்டும் நிச்சயமுங்க."

வேறு சாட்சியெல்லாம் அவளைப் பார்த்து ஆடிய தலைகள்தான். தர்மனை விட்டுவிட்டார்கள். அடித்தவன் யார் என்று இன்றுவரை தெரியாது.

அன்றிலிருந்து மண்டியில் அவள் பக்கத்தில் யாரும் சோற்றுத் தூக்கைத் திறப்பதில்லை. மாதவராஜைக் கொன்றவனைத் தப்ப விட்டவள் என்றார்கள். இருபது வருஷக் கோணி இடம் போய், இப்போது அழுகல் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அதைக்கூட அவள் பெரிதாக எடுக்கவில்லை. என்னிடம் ஒரு நாள் சொன்னாள்: "பொய்யின்னு தெரியுது தம்பி. ஆனா கண்ண மூடுனா தர்மன்தான் திரும்பிச் சிரிக்கிறான். போவ மாட்டேங்குது."

தர்மன் வெளியே வந்ததும் அவன் முன்னால் போய் நின்றாள். அவன், "வுடுக்கா. துண்டு என்னுதுதானே" என்றான். வெண்மதி அவன் மடிக்கு வருவதில்லை. அவன் மூச்சு விட்டால் பிள்ளை சின்னம்மாளுக்குப் பின்னால் ஒளிகிறது. ஒரு வருஷம் யார் யார் வயலிலோ கூலிக்குப் போய்ப் பார்த்தான். நிலைக்கவில்லை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, "மேஸ்திரி, அவனோட ஆணி காலியாத்தான் இருக்குது. ஒரு வார்த்த சொல்லுங்க" என்றேன். அழுகல் குவியல் பக்கம் பழம் பிரித்துக்கொண்டிருந்த குள்ளம்மாளின் கை நின்றிருந்தது.

பச்சியப்பன் டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். "நீ சொல்றது அல்லாம் சரி நவநீதா. ஆனா ஓடுனது தர்மன்தான். என் ரெண்டு கண்ணால நானே பாத்தேன்."

"அன்னிக்கு நீங்க தீர்த்தமலைக்குச் சாமி கும்புடப் போயிருந்தீங்களே மேஸ்திரி!"

"அது மறுநாளுய்யா!"

"சிவப்புக் கட்டமே இல்ல, பச்சத் துண்டு" என்றான் ராஜா.

"உனக்கு என்னாடா தெரியும்? திரும்பி சிரிச்சானே, அதையாச்சும் பாத்தியா?" என்று எழுந்தாள் ராணியம்மாள்.

"யக்கா, நீ அப்ப பழம் கழுவிக்கினு அந்தப் பக்கம் இருந்தே!"

"என்னைப் பொய்க்காரிங்கிறியா? அவன்தான்டா! அவனேதான்!"

அந்தச் சத்தம் மண்டி கேட்டைத் தாண்டி பஸ் நிற்கிற இடம் வரைக்கும் போயிருக்கும். ஓசூர் பஸ் வந்து நின்றது, கிளம்பியது. பஸ் போன பிறகு அங்கே பையும் இல்லை, தர்மனும் இல்லை. குள்ளம்மாள் எழுந்து ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் பெஞ்சுக்காரர்கள் திரும்பினார்கள்.

"போயிட்டான் பாரு. முன்படியில ஏறுனான், நான் பாத்தேன்."

"பின்படிய்யா! கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு?"

"ஆருக்குய்யா அவிஞ்சுது?" என்று மேஸ்திரி கிளாஸைக் கீழே போட்டுவிட்டு, ராஜாவின் சட்டையைப் பிடித்தார்.