பேச்சியின் கால்

பேச்சி முதலில் ஓட்டியது பூ வேன். சங்கரன்கோவில் மார்க்கெட்டில் ஏற்றும் பூ வாடுவதற்குள் ஊர் சேர வேண்டும். அப்படியே பல வருடம் விரட்டி ஓட்டினாள். வேனை விற்றுக் கார் வாங்கிய பிறகு, திருநெல்வேலி ஆஸ்பத்திரிகளுக்கு நோயாளிகளை ஏற்றிப்போனாள்.

அவர்களில் ஒருவர் ஹஸ்னா பானு. தையல் கடை வைத்திருந்தவர். புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. ஒருநாள் தேவர்குளத்தில் ஆடுகள் குறுக்கே வர, பேச்சி பிரேக்கை மிதித்தாள். பின்சீட்டில் முனகல் கேட்டது.

"வலிக்கா அக்கா?"

"ஒண்ணுமில்ல, நீ ஓட்டு. நிக்கும்போதுதான் உயிரு போயி வருது."

மெக்கானிக் அருண்பாண்டியன் பார்த்துவிட்டு, பிரேக்கில் கோளாறு இல்லை என்றான். பேச்சி நம்பவில்லை. கார் சாமான் விற்கும் கடைக்குப் போனாள். கடைக்காரன் ஷாஜித் இரண்டு கருவிகளை எடுத்து வைத்தான்.

"இதை ஸ்டீயரிங்குக்குக் கீழ மாட்டுனா இன்ஜின் கோளாறைப் போன்ல காட்டிரும். இது கண்ணாடியில ஒட்டுதது. வண்டி எம்புட்டுச் சீக்கிரம் நூறைத் தொடுதுன்னு பார்க்கப் பயலுவ வாங்குவானுவ."

"நிக்கதக் காட்டுமா?"

"எம்புட்டு வெடுக்குன்னு நிக்குன்னும் காட்டும். அதை யாரு பாக்காவ அக்கா?"

"எனக்கு அதுதான் வேணும்."

அதை வாங்கி ஒட்டிக்கொண்டு, அருண்பாண்டியனைப் பக்கத்தில் உட்கார வைத்து ராஜபாளையம் ரோட்டில் ஓட்டினாள். ஒவ்வொரு பிரேக்குக்கும் கருவியில் எண் எகிறியது. "பாத்தியா?" என்றாள். அவன் இடம் மாறி உட்கார்ந்து அதே ரோட்டில் ஓட்டினான். எண் பாதிகூட ஏறவில்லை. வண்டியை ஓரங்கட்டினான்.

"காரு நல்லாத்தான் இருக்குக்கா."

பேச்சி குனிந்து தன் காலைப் பார்த்தாள். விரட்டி ஓட்டி வெடுக்கென்று மிதித்த அந்தப் பூ வேன் பழக்கம் இன்னும் அதில் இருந்தது.

அதன் பிறகு விடிகாலையில் வெறும் காரை எடுத்துக்கொண்டு போனாள். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, நிற்கப்போகும் நொடியில் காலைத் தளர்த்திப் பழகினாள். பின்னால் வந்த பஸ்கள் ஹாரன் அடித்தன. எண் மெல்ல மெல்ல இறங்கியது.

அடுத்த பயணத்தில் ஹஸ்னா பானு மானூர் தாண்டும்வரை தூங்கினார். ஆஸ்பத்திரி வாசலில் அவரை இறக்கும்போது பேச்சி சொன்னாள்: "அக்கா, இத்தன நாளும் கோளாறு வண்டியில இல்ல. என் கால்லதான்."

"தெரியும் பேச்சி. என் தம்பி காருல போனா இம்புட்டு வலிக்காது. ஆனா என்னைத் தாங்கிப் பிடிச்சு பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போக நீதான இருக்க? சொன்னா வரமாட்டேன்னுருவியோன்னு இருந்துட்டேன்."

பேச்சி கார்க் கதவைச் சாத்தினாள். அவர் தோளை அணைத்து உள்ளே அழைத்துப்போனாள்.

மழைக்காலத்தில் ஹஸ்னா பானு இறந்துபோனார். பேச்சி பெண்களோடு பெண்ணாக அந்த வீட்டில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாள். மறுவாரம் கரிவலம்வந்தநல்லூரில் இருந்து ஒருவர் போன் செய்து, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றார்.

"அவுகளுக்கு எங்கன வலிக்குன்னு சொல்லுங்க" என்றாள் பேச்சி. "மறைக்காமச் சொல்லுங்க."