பனிக்குள் கேட்ட தட்டு

நேற்று குன்னூர்ப் பாத்திரக் கடையில் ஒரு பெண் வெண்கலத் தட்டை விரலால் சுண்டிப் பார்த்தாள். அந்த ஓசையில் வாங்க வந்ததையே மறந்துவிட்டேன்.

வெள்ளைக்காரத் துரைகள் காலம். ஜெகதளா ஊருக்குக் கீழே, இன்று புதர் மூடிக் கிடக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் சிறுத்தை புகுந்து ஆட்டைத் தூக்கிப்போன வாரம் அது. எனக்கு ஆறு வயது. சுள்ளி பொறுக்கத் தனியே போனவள், மூடுபனி இறங்கியதில் நீட்டிய கை தெரியாமல் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்றுவிட்டேன். பக்கத்தில் எதுவோ சருகை மிதித்தது. வாய்விட்டு அழவும் பயம்.

"புள்ளயக் காணமுங்க! ஆளுக்கொரு பாத்திரத்த எடுத்துத் தட்டுங்க!" என்று எங்கோ அப்பா கத்தினார்.

தகரமும் செம்புக் குடமும் பித்தளைத் தாம்பாளமும் ஒரே தாளத்தில் முழங்க, மலை அதைத் திருப்பிச் சொல்ல, சத்தம் எட்டுத் திக்கிலிருந்தும் வந்தது. வீடு எந்தப் பக்கம் என்றே புரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். அத்தனைக்கும் நடுவே, தொண்டை கட்டியவள் பேசுவதுபோல் ஒன்று மட்டும் கரகரத்தது. ஓரத்தில் கீறல் விட்ட எங்கள் வெண்கலத் தட்டு! மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அந்தக் கரகரப்பையே பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கினேன். பின்னால் சருகுச் சத்தமும் கூடவே வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வாசலில் அந்தத் தட்டைத் தட்டிக்கொண்டிருந்த அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டேன். அம்மா என்னைப் பார்த்தாள், ஆனால் கை நிற்கவில்லை.

"புள்ள வந்துட்டா, போதும் விடு" என்று அப்பா கரண்டியைப் பிடுங்கும்வரை தட்டிக்கொண்டே இருந்தாள்.